கரமனையில் ஒரு பழைய சோபா

அன்புள்ள அக்காவுக்கு,

திருவனந்தபுரத்திலிருந்து தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மழை மட்டும் தன் இஷ்டத்துக்குப் பெய்துகொண்டிருக்கிறது.

போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. "பத்தமடையில பிறந்தவன் பழைய சோபாவை வாங்கிக் கிழிச்சித் தச்சிக்கிட்டு இருக்கானாமே, உக்கார அங்க இடமா இல்ல? பாய் வேணும்னா ரெண்டு அனுப்பிவிடுதேன்" என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாய். பின்னால் அத்தான் சிரித்ததும் கேட்டது. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஆச்சி பாதியில் வாங்கி "சாப்பிட்டியாலே" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

வாசிப்பதற்கு முன் ஒரு ஏற்பாடு. போன கடிதத்தை அத்தான் உரக்க வாசித்தபோது "நான் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன்" என்ற வரியைக் கேட்டு ஆச்சி எழுந்து போய் அத்தான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டதாகச் சொன்னாய். ஆகவே இந்தக் கடிதத்தில் 'நான்' கிடையாது. பத்திரிகையில் எழுதுகிற மாதிரி, 'தம்பி' என்று ஓர் ஆள் வருவான். அடி, தோல்வி, செலவு எல்லாம் அவனுக்கு. அத்தான் பயமில்லாமல் வாசிக்கலாம்.

ஆச்சிக்கு ஆரல்வாய்மொழி தாண்டினால் வெளிநாடு. அதைக் கேலி செய்ய முடியாது. 1949 வரை திருவிதாங்கூர் தனி ராஜ்யம்தான். தனிக் காசு: 28 சக்கரம் ஒரு ரூபாய். தபாலுக்குக்கூட 'அஞ்சல்' என்று சொந்தத் துறை வைத்திருந்தார்கள். 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. நாகர்கோவிலே 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கத்துச் சொத்து. ஆச்சி பிறந்த காலத்துக் கணக்குப்படி, தம்பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருக்கிறான்.

ஆனால் இந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் வேறு வெளிநாட்டில் இருக்கிறார்கள். 2023-ல் எடுத்த கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பில், கடல் கடந்து போயிருப்பவர்கள் 22 லட்சம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் 10 லட்சத்துக்கும் மேல். கடிதம் எழுதுவதிலும் இவர்களை ஜெயிக்க முடியாது. எஸ்.ஏ. ஜமீல் 1977-ல் எழுதிய 'துபாய் கத்துப் பாட்டு' முழுக்க முழுக்க வளைகுடாவில் இருக்கும் புருஷனுக்கு மனைவி எழுதும் கடிதம்தான். வீடு பூட்டப்படுகிறபோது உள்ளே இருக்கும் கட்டில், அலமாரி, சோபா எல்லாம் என்ன ஆகும்? சிலது தூசி தின்னும். சிலது ஆக்ரிக்கடைக்கு, அதாவது நம் ஊர்க் காயலான் கடைக்குப் போகும். ஒன்று தம்பியிடம் வந்தது.

கவடியார் பக்கம் ஒரு வயதான தம்பதி. மகன் கனடாவில். அவர்களும் அங்கேயே போய்விடுவதாக முடிவாகி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மூன்று பேர் உட்காரும் சோபா, காப்பிப்பொடி நிற ரெக்ஸின், நடுவில் ஒரு குழி. "அந்தக் குழி எங்க வீட்டு சாருடையது" என்று அந்த அம்மா சொன்னார். விலை கேட்டபோது சிரித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். இலவசமாக வருகிற பொருளுக்குத் தம்பி எப்போதுமே அடிமை என்பது உனக்குத் தெரியும்.

இனிமேல் வருவது நோக்குகூலி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

கேரளத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1978-ல் வந்தது. பகுதிவாரியாக அவர்களுக்கு வேலை, பதிவு, கூலி விகிதம், நலநிதி எல்லாம் அதில் இருக்கிறது. முதுகெலும்பால் சம்பாதிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதில் தப்பே இல்லை. நம் ஊர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் அது நடந்தால் நல்லது. ஆனால் அதன் நிழலிலேயே இன்னொன்றும் வளர்ந்தது. உன் சாமானை நீயே இறக்குகிறாய், அல்லது இயந்திரம் இறக்குகிறது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். பார்த்த கூலி. அரசாங்கம் 2018 மே தினத்தன்று இதைத் தடை செய்தது. தடை செய்த பிறகும் 2021 செப்டம்பரில், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குப் பிரம்மாண்டமான இயந்திரம் ஏற்றி வந்த லாரியை மறித்து 10 லட்சம் ரூபாய் கேட்டதாகச் செய்தி வந்து நாடே சிரித்தது. மனிதர்கள் தொட்டுக்கூடப் பார்க்க முடியாத எடை, கிரேன் வேலை. 1960-களில் அதே தும்பாவில் ராக்கெட் பாகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படத்தை நீ பார்த்திருப்பாய். சைக்கிள் என்பதால் பிழைத்தார்கள்.

ராக்கெட்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு ரெக்ஸின் சோபாவோடு கரமனை சந்தில் நுழையப்போகிற தமிழனின் கதியை யோசித்துப் பார். தம்பி முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து படித்தான். வீட்டுச் சாமான்களை வீட்டுக்காரரே இறக்கிக்கொள்ளலாம். தொழிலாளியைக் கூப்பிட்டால் தொழிலாளர் துறை நிர்ணயித்த விகிதம்தான். கூடுதலாகக் கேட்டால் புகார் செய்யலாம். இதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன் ஒத்திகை நடந்தது. வீட்டுக்காரி, "இந்த அளவுக்கு நீங்க பொண்ணு பார்க்க வந்தப்பகூட தயார் பண்ணல" என்றாள்.

மறுநாள் குட்டியானை வண்டி சந்து முனைக்கு வந்தது. டீக்கடை வாசலில் சீருடைச் சட்டையோடு நாலைந்து பேர். மூத்தவர் எழுந்து வந்து, "எந்தா, இறக்கணோ?" என்றார். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, 1978-ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பித்தான். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "சாமான் உங்களுடையது, நீங்களே இறக்கிக்கோங்க" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆள் களியக்காவிளைக்காரர்.

அப்புறம் தம்பியும் வண்டி டிரைவரும் சோபாவைத் தூக்கினார்கள். கேட் வரைக்கும் வந்தது. கேட்டில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. பள்ளிக்கூட வேன் ஒன்று வந்து நின்றது. டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் தானாகவே வந்து, குனிந்து அடியில் பார்த்து, நாலு காலையும் திருகிக் கழற்றினார். சோபாவின் கால்கள் திருகு வைத்தவை என்பதே தம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு சோபாவைச் செங்குத்தாக நிமிர்த்தி, முதுகுப் பக்கத்தை முதலில் வாசலுக்குள் விட்டு, ஒரு சுழற்று. கூடத்தில் இருந்தது. விகித அட்டையில் உள்ள தொகையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. "ஸாரே, பெரிய சோபா வாசலில் படுத்துப் போகாது, நின்றுதான் போகும்" என்று இலவசமாகப் பாடம் வேறு. சட்டம் படித்த நேரத்துக்கு வாசலை அளந்திருக்கலாம் என்று வீட்டுக்காரி இன்றுவரை சொல்கிறாள்.

உண்மையான நோக்குகூலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஹவுஸ் ஓனர் தலைமைச் செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். அவர் தினமும் சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தம்பி சோபாவைப் பிரிப்பதைப் பார்க்க ஆரம்பித்தார். அவரைப் பார்க்க எதிர்வீட்டுக்காரர் வந்தார். இருவரும் பேசுவதைப் பார்க்கப் பால்காரர் நின்றார். பழைய வழக்கப்படி இவர்கள் எல்லோருக்கும் தம்பி கூலி கொடுக்க வேண்டும். தம்பியின் கட்சி, இது தியேட்டர், அவர்கள்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். அத்தானுக்கும் இந்த ஆசை வரும் என்று சந்தேகம் இருப்பதால், இந்தப் பகுதியை அவர் இரண்டு தடவை வாசிக்கட்டும்.

சோபாவில் மேலே துணி போர்த்துவது கடைசிப் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பிரிப்பது. குஷன் கடைக்காரர்கள் கடைசியாக எதை அடித்தார்களோ அதை முதலில் கழற்ற வேண்டும்: அடியில் இருக்கும் கறுப்புத் துணி, முதுகின் வெளிப்புறம், கைகளின் வெளிப்புறம், அப்புறம் உள்புறங்கள், கடைசியில் இருக்கை. ஒவ்வொன்றும் ஸ்டேப்ளர் பின். நூற்றுக்கணக்கில். திருப்புளியை அடியில் கொடுத்து நெம்பி, குறடால் பிடித்து இழுக்க வேண்டும். பாதி பின் ஒடிந்து ஒரு கால் மரத்துக்குள்ளேயே நிற்கும். அதை விட்டுவைத்தால் பிறகு புதுத் துணியைக் கிழிக்கும், அல்லது ஆளைக் குத்தும். காலில் செருப்பில்லாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது. வீட்டுக்காரி டெட்டனஸ் ஊசிக்கு அழைத்துப்போனதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பிரித்த ரெக்ஸினைத் தூக்கிப் போடக்கூடாது. அதுதான் அளவுத் துணி. ஒவ்வொரு துண்டிலும் 'வலது கை உள்பக்கம்', 'நடு முதுகு' என்று மார்க்கரில் எழுதி வைக்க வேண்டும். தம்பி தமிழில் எழுதினான். ஹவுஸ் ஓனர் மலையாளத்தில் திருத்தினார். 'இடது கை' இருந்த துண்டில் இப்போது இரண்டு மொழியிலும் இரண்டு வெவ்வேறு கைகள் எழுதியிருக்கின்றன.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மேலே ஃபோம், தொட்டால் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்கிற இந்தச் சரக்கை ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவர் 1937-ல் கண்டுபிடித்தார். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது நாளாக நாளாகச் சிதைந்துவிடும். திருவனந்தபுரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதன் கீழே ஒரு தேங்காய் நார் மெத்தை. தேங்காய் நாரைக் கயிறாக முறுக்கி, பிறகு முறுக்கைப் பிரித்தால் நார் சுருள் சுருளாக நிற்கும். அதன்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்தி, வேக வைத்துச் செய்வது. அது கொஞ்சமும் அசரவில்லை. தட்டினால் தூசி பறந்தது, அவ்வளவுதான். கேரளத்துக்காரனுக்கு இதில் பெருமை இருந்தால் நியாயம். ஆலப்புழையில் 1859-லேயே கயிற்றுத் தொழிற்சாலை வந்துவிட்டது. இங்கிருந்து வடக்கே கடலோரம் இருக்கும் அஞ்சுதெங்கின் பெயரிலேயே ஒரு கயிற்று ரகம் வெளிநாட்டுச் சந்தையில் ஓடியது. தம்பி அந்த நார் மெத்தையை வெயிலில் காய வைத்துத் திரும்பவும் உபயோகித்தான். வெயில் என்றால், மழை விட்ட அரை மணி.

நாருக்குக் கீழே சாக்கு. சாக்குக்குக் கீழே சுருள் ஸ்பிரிங்குகள், சணல் கயிற்றால் ஒன்றோடொன்று எட்டுத் திசையிலும் இழுத்துக் கட்டியவை. இந்தக் கட்டு இப்போது கடையில் விற்கும் புதுச் சோபாக்களில் பெரும்பாலும் கிடையாது. பாம்பு மாதிரி வளைந்த கம்பியோ எலாஸ்டிக் நாடாவோ போட்டு முடித்துவிடுகிறார்கள். யாரோ ஒரு தொழிலாளி, எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு முடிச்சையும் ஒரே மாதிரி போட்டிருந்தான். அதைப் பிரிக்கத் தம்பிக்கு மனசு வரவில்லை. அறுந்திருந்த இடத்தில் மட்டும் புதுக் கயிறு கட்டினான். எது பழைய முடிச்சு, எது தம்பியின் முடிச்சு என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

கைக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு தலைமுடி கிளிப், செல்லாத 25 பைசா இரண்டு, ஒரு பென்சில், கேரள லாட்டரிச் சீட்டு ஒன்று. சீட்டைக் கண்டதும் வேலை நின்றுவிட்டது. பால்காரர் உட்பட எல்லோரும் கூடிவிட்டார்கள். நம் ஊரில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டதால் தம்பிக்கு விதிமுறை தெரியாது. இங்கே 1967-ல் லாட்டரித் துறை ஆரம்பித்து, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தினார்கள். ஒரு ரூபாய்ச் சீட்டு, முதல் பரிசு 50,000. ஹவுஸ் ஓனர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பரிசு விழுந்தால் குறித்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்றார். சீட்டில் இருந்த வருஷத்தில் தம்பி பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு. ஆனாலும் அந்த எண்ணுக்கு என்ன பரிசு விழுந்திருக்கும் என்று நாலு பேரும் ராத்திரி வரைக்கும் பேசினார்கள்.

இப்போது பெருமை. அத்தான், இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாக வாசிக்கவும்.

எல்லாவற்றையும் உரித்த பிறகு நின்ற சட்டம் ஆஞ்ஞிலி மரம். நம் பக்கம் அயினி என்பார்களே, அது. ஆலப்புழைப் பக்கம் சுண்டன் வள்ளம் செய்கிற மரம். தண்ணீரிலேயே கிடந்தாலும் சீக்கிரத்தில் உளுக்காது. ஒரு மூலையில்கூடச் செல் இல்லை. ஹவுஸ் ஓனர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்து, "இது இப்போ காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்றார். இன்றைக்குக் கடையில் பளபளவென்று நிற்கிற சோபாக்களின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகையும் ரப்பர் மரமும்தான். ரப்பர் மரம் மோசமில்லை, மருந்தேற்றினால் நன்றாகவே உழைக்கும். ஆனால் வள்ளத்தில் உட்காருவதும் அதுவும் ஒன்றா? பாயை விட்டுவிட்டு ஏன் சோபா என்று கேட்டாயே, காரணம் இந்தச் சட்டம். பழைய சோபா வாங்குகிறவர்கள் துணியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு முனையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மறுமுனையும் சேர்ந்து நேராக எழும்பினால் சட்டம் உறுதி. முறுக்கிக்கொண்டு கிரீச்சிட்டால் ஓடிவந்துவிட வேண்டும்.

சாமான் வாங்க சாலைக் கடைத்தெரு. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரைக்கும் நடந்தால் பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். இதே தெருவில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, கல்லாவில் இருந்தபடியே தெருவைப் பார்த்துக் கதை எழுதியவர் ஆ. மாதவன். அவருக்கு 2015-ல் சாகித்ய அகாடமி கிடைத்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால், ஃபோம் கடையில் தம்பி பட்ட பாட்டில் ஒரு கதை தேறியிருக்கும்.

ஃபோம் கடைக்காரர் "எத்தனை டென்சிட்டி?" என்றார். தம்பி "நல்லதா" என்றான். அவர் கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தார். (இதற்குக் கூலி கேட்கவில்லை.) டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. இருக்கைக்கு 40, முதுகுக்கு 32 போதும் என்பது பொதுவான பேச்சு. எண் கூடினால் கெட்டியாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை. அதிக டென்சிட்டியிலும் மெத்தென்று இருப்பது உண்டு. எண் கூடினால் அதிக நாள் அமுங்கிப்போகாமல் உழைக்கும், அவ்வளவுதான். கெட்டியா மெதுவா என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடை வாசலில், ஜனங்கள் போகிற நடைபாதையில், தம்பி ஃபோம் மேல் ஃபோமாக மாறி மாறி உட்கார்ந்தான். அங்கே கொஞ்சம் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது அக்கா. யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து "வே, தள்ளி இரும்" என்றார். அப்படியே நம் வடக்கு ரதவீதிக் குரல். திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஆள், பஞ்சு மூட்டையோடு போய்விட்டார்.

துணி 54 அங்குல அகலத்தில் வரும். பட்டைக்கோடு, பெரிய பூ என்றால் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்கே கூடுதலாக வாங்க வேண்டும். முதல் தடவை செய்கிறவர்கள் தனி நிறம் வாங்குவதே புத்தி. ரெக்ஸின் இந்த ஊர் வேர்வைக்கு முதுகில் ஒட்டும். வெறும் பருத்தி இடவப்பாதி மழையில் பூஞ்சை பிடிக்கும்; அது முடிந்தால் துலா மழை. தென்மேற்குப் பருவமழை தரையில் கால் வைப்பதே இந்தப் பக்கம்தான் என்பதை மறக்கக் கூடாது. கலப்பு நூல் துணியாக, மூங்கில் இலைப் பச்சையில் எடுத்தாயிற்று. வீட்டுக்காரிக்கு மெரூன்தான் பிடித்திருந்தது. ஹவுஸ் ஓனருக்கு நீலம். அவரை யார் கேட்டார்கள் என்று நீ கேட்பாய். இங்கே கேட்க வேண்டியதில்லை.

அடியில் சணல் நாடா அடிக்கும் கட்டம் வந்தபோது தம்பிக்குப் பிறந்த ஊர் கைகொடுத்தது. நெடுக்கு நாடாக்களை முதலில் இழுத்து அடித்துவிட்டு, குறுக்கு நாடாவை ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று விட்டு இழுக்க வேண்டும். பத்தமடையில் பாய்க் கோரைக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? எதிர்வீட்டுக்காரர் "கொள்ளாம்" என்றார். இரண்டு மாசத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

ஃபோமைப் பலகை அளவைவிட அரை அங்குலம் கூடுதலாக வெட்டினால்தான் துணி விறைப்பாக நிற்கும். ரொட்டி வெட்டும் பல்கத்தி போதும். அது இனி ரொட்டிக்கு ஆகாது. துணியை ஒரு மூலையில் ஆரம்பித்து அடித்துக்கொண்டே போகக்கூடாது. நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும், மூலை கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் துணி கோணி நிற்கும். வீட்டுத் தையல் மிஷினில் இரண்டு மடிப்பு வரை 18-ஆம் நம்பர் ஊசி ஓடும். ஓரத்தில் பைப்பிங் கயிறு வைத்து நாலு மடிப்பானால் ஊசி உடையும். தையல்காரரிடம் கொடுத்துவிடுவது மரியாதை. தம்பி கொடுத்தான், ஊசி தீர்ந்த பிறகு.

இனி நிஜமான புகார். கிழித்துப்போட்ட ரெக்ஸின், பொடிந்த ஃபோம், துருப்பிடித்த பின், இதையெல்லாம் எங்கே போடுவது? நம் தெரு முனைத் தொட்டி மாதிரி இங்கே நினைத்தபோது கொட்ட முடியாது. விளப்பில்சாலையில் இருந்த குப்பை ஆலையை ஊர் மக்கள் போராடி 2011 டிசம்பரில் பூட்ட வைத்தார்கள். அவர்கள் வாசலில் நகரத்துக் குப்பை நாறியது, அவர்கள் பக்கம் நியாயம். அதற்குப் பிறகு சமையல் கழிவை வீட்டிலேயே மக்க வைக்க வேண்டும். மற்றதை ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். நல்ல ஏற்பாடு. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். துணிக்கு ஒரு மாதம், செருப்புக்கும் பைக்கும் ஒரு மாதம், கண்ணாடிக்கு ஒரு மாதம் என்று அட்டவணை உண்டு. சோபா எந்த மாதம்? அது துணியா, பையா, ரப்பரா, இரும்பா? தம்பி சோபாவின் குடலை ரகம் ரகமாகப் பிரித்து, சாக்கில் கட்டி, மாதவாரியாகச் சீட்டு ஒட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். சித்தப்பா வந்து தங்கினால் அந்தக் கட்டில்தான்.

லண்டனில் இருக்கும் சித்தி மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, அவன் பங்குக்கு அவன் புலம்பினான். அங்கே 1979-ல் மான்செஸ்டரில் ஒரு பெரிய கடையில் ஃபோம் மெத்தைச் சாமான்கள் எரிந்து 10 பேர் இறந்தார்கள். 1988-ல் தீத்தடுப்பு விதி கொண்டுவந்தார்கள். அதன்படி லேபிள் இல்லாத பழைய சோபாவைத் தர்மக் கடைகூட வாங்காது. அவன் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டது அந்த லேபிளைத்தான். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபோமில் தீப்பிடித்தால் வேகமாக எரியும், புகை விஷம். மிச்சத் துண்டுகளைத் தலையணைக்கு ஆகும் என்று பூஜை அறை ஓரத்தில் அடுக்கி வைக்கும் வேலை உன் வீட்டில் நடந்தால் உடனே எடுத்துவிடு.

சோபா முடிந்துவிட்டது. முன்பக்கம் நன்றாக இருக்கிறது. இடது கையில் துணி ஒரு விரல் அளவுக்குக் கோணியிருப்பதை, பால்காரர் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்தார். நடுக்குழி போய்விட்டது. சாய்ந்தால் ஸ்பிரிங் ஒன்று மெல்லக் கூப்பிடும். அது தம்பி போட்ட முடிச்சாகத்தான் இருக்க வேண்டும். ஹவுஸ் ஓனர் இப்போது நின்று பார்ப்பதில்லை, உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறார். செலவைக் கூட்டிப் பார்த்தால், குஷன் கடையில் கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கூலி என்று ஒன்றும் போடாமல் இந்தக் கணக்கு. ஆகவே அத்தானுக்குச் சொல்வது: ஆசை வந்தால் சோபாவில் ஆரம்பிக்க வேண்டாம். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, நாலு திருகைக் கழற்றி, இருக்கைப் பலகையை மட்டும் எடுத்து, அதில் கை பழகட்டும். ஒரு மீட்டர் துணி, ஒரு துண்டு ஃபோம், ஒரு சாயங்காலம். கெட்டுப்போனால் மறுபடியும் பிரிக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். மச்சில் கிடக்கும் தாத்தாவின் சாய்வு நாற்காலியைக் காயலான் கடைக்குப் போடப்போவதாக அத்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தோப்பில் முகம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை, 1997-ல் சாகித்ய அகாடமி வாங்கிய அதே நாவலை, வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலை போகிற கதையை, தம்பிக்கு வாசிக்கக் கொடுத்ததே அவர்தான். அவரே இப்படிப் பேசலாமா? துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, கட்டை போதும். அது மடங்குகிற நாற்காலி. திருநெல்வேலி ஜங்ஷனில் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டி மாறாமல் இங்கே வந்துவிடலாம். அத்தானையே கொண்டுவரச் சொல். சந்து முனையில் இறக்க ஆள் இருக்கிறார்கள், தெரிந்தவர்கள்தான், விகித அட்டையில் உள்ளதைக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தம்பி